கடிதம் எங்கே தங்க வேண்டும், எத்தனை நாள்?

தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் மின்னஞ்சல் கணக்கைச் சேர்க்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, கடிதத்தின் மூலம் எங்கே இருக்கும் என்பது. ஐமேப் முறையில் மூலம் சர்வரில் இருக்கும். கணினியில் இருப்பது நகல். பாப் முறையில் கடிதம் கணினிக்கு இறங்கிவிடும்; சர்வரிலும் விட்டுவைக்கச் சொன்னால்தான் அங்கே தங்கும். செல்போனும் லேப்டாப்பும் வைத்திருப்பவருக்கு ஐமேப்தான். ஒரே கணினியோடு நிற்பவருக்கு பாப் போதும். சேமிப்பு வடிவமும் இரண்டு: ஒரு கோப்புறையின் கடிதங்களை எல்லாம் ஒரே கோப்பில் அடுக்குவது எம்பாக்ஸ், கடிதத்துக்கு ஒரு கோப்பு என்பது மெயில்டிர். தண்டர்பேர்டில் இயல்பாக வருவது எம்பாக்ஸ். அதை மாற்றக் குறிப்பான காரணம் இல்லாதவர் கைவைக்க வேண்டியதில்லை.

இத்தனையும் எளிது. மாணவர்கள் சறுக்குவது அடுத்த படியில். ‘30 நாளுக்கு மேற்பட்ட கடிதங்களை நீக்கு’ என்ற தேர்வுக்கு இப்போது ஏக மவுசு. சீனியர் சொன்னார், வீடியோவில் காட்டினார்கள், லேப்டாப் வாங்கித் தந்த அப்பா இடத்தை அடைக்காதே என்கிறார். உடனே அந்த வட்டத்தில் புள்ளி விழுந்துவிடுகிறது. ஐமேப் கணக்கில் இது கணினியின் நகலை மட்டும் அழிப்பதில்லை, சர்வரில் உள்ள மூலத்தையும் சேர்த்து அழிக்கும். செல்போனிலும் அந்தக் கடிதம் காணாமல் போகும். குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சில நாள் காத்திருக்கும் நீக்கமும் அல்ல இது. ஜிமெயிலில் அமைப்பைப் பொறுத்து ‘எல்லா அஞ்சல்’ பகுதியில் கடிதம் தப்பியிருக்கலாம். அதை நம்பி இறங்குவது அறிவுடைமை ஆகாது.

குழப்பத்துக்கு மென்பொருளும் ஒரு காரணம். அதே பக்கத்தில், சற்று மேலே, ‘அண்மைய 30 நாள் கடிதங்களை மட்டும் ஒத்திசை’ என்றொரு தேர்வு இருக்கிறது. கணினியில் இடம் மிச்சப்படுத்த நினைப்பவருக்கு வேண்டியது அதுதான்: பழையவை சர்வரில் பத்திரமாக இருக்கும், புதியவை நெட் இல்லாதபோதும் திறக்கும். மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையில் சில அங்குலம்கூட இல்லை. விளைவில் மலையளவு வித்தியாசம். எம்பாக்ஸில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நீக்கிய கடிதம், கோப்புறையைச் சுருக்கும் வரை வட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இடத்துக்காக நீக்கியவருக்கு அந்த இடம்கூட உடனே கிடைப்பதில்லை.

பழைய கடிதம் எதற்கு என்று இளையரசனேந்தல் பக்கம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இந்தப் பிர்கா 2008இல் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஊராட்சிகளோ அதன் பிறகும் நெடுங்காலம் குருவிகுளம் ஒன்றியத்திலேயே இருந்தன. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது ஒன்றியம் அங்கே போயிற்று. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு வேறொரு மாவட்டம். இப்படிப்பட்ட ஊரில் எந்த அலுவலகம் எப்போது என்ன பதில் சொன்னது என்பதற்கு ஆதாரம் அந்தக் கடிதம்தான். உதவித்தொகை, கலந்தாய்வு, சான்றிதழ் விண்ணப்ப எண் என்று மாணவருக்கு வருபவையும் ஆறு மாதம் கழித்துத் தேடப்படுகிறவையே.

கணினி இயல்பாகக் கைவருகிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் அவசரப்படுகிறார்கள். விரல் வேகத்தைத் திறமை என்று வீட்டாரும் எண்ணிவிடுகிறார்கள். ஒரு அமைப்பைத் தொடுமுன் அதன் கீழே உள்ள இரண்டு வரியைப் படிக்கும் பொறுமை இந்தத் துறையில் பாதித் தேர்ச்சி. மின்னஞ்சலில் பழகாவிட்டால், பிறகு அலுவலகச் சர்வரில் பழக வேண்டிவரும். அங்கே நஷ்டம் பெரிது.

ஆகவே கணக்கு முழுமைக்கும் ‘எதையும் நீக்காதே’ என்று வைப்பதே சரி. விளம்பரங்களை வடிகட்டி தனிக் கோப்புறைக்கு அனுப்பி, அதன் பண்புகளில் மட்டும் நீக்கும் விதியை வைக்கலாம். ஜிமெயிலில் ‘எல்லா அஞ்சல்’ கோப்புறையை ஆஃப்லைனுக்கு இறக்காமல் விட்டால், ஒரே கடிதம் இருமுறை இடம் அடைப்பது குறையும். முக்கியமானவற்றை ‘உள்ளகக் கோப்புறை’களுக்கு ஆண்டுவாரியாக நகலெடுத்தால் சர்வரில் நடப்பது அவற்றைப் பாதிக்காது. தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் புரொஃபைல் கோப்புறையைப் பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ அவ்வப்போது பிரதி எடுத்து வைக்க வேண்டும்.