பாடங் கேட்டலும் உளத்தமைத்தலும்

ஒரு மாணாக்கர் நூலைப் படித்தார் என்பதும், ஆசிரியர் சொல்லக் கேட்டார் என்பதும் ஒன்று. படித்ததும் கேட்டதும் அவருள்ளத்திலே நிலைத்தன என்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை நாம் முதலில் அறிந்தது நூல்களினாலன்று, எமது பிழையினாலேயாம்.

பல ஆண்டுகளுக்கு முன் பத்தாந் தர மாணாக்கருக்குச் சமயகுரவர் சரித்திரத்தைக் குறிப்பாகச் சொல்லி எழுதுவித்தோம். திங்களூரிலே அரவு தீண்டியிறந்த அப்பூதியடிகள் புதல்வரைத் திருநாவுக்கரசு நாயனார் எழுப்பியது, மயிலாப்பூரிலே பூம்பாவையைத் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் எழுப்பியது, அவிநாசியிலே முதலையுண்ட பாலனைச் சுந்தரமூர்த்தி நாயனார் மீட்டது ஆகிய மூன்றும் அக்குறிப்பிலே தெளிவாக இருந்தன. மறுநாட் கேட்டபோது யாவரும் பிழையின்றிச் சொன்னார்கள். நாமும் மகிழ்ந்தோம். மார்கழி விடுமுறை கழிந்து மீண்டுங் கேட்டபோது, ஒருவர் முதலையைத் திங்களூருக்குக் கொண்டுபோனார். மற்றொருவர் பூம்பாவையை அவிநாசியிலே பிறப்பித்தார். நாம் அவர்களைக் கடிந்தோம். கடியப்படத்தக்கவர் நாமே என்பது பின்னரே விளங்கிற்று. அவர்கள் எழுதியன எமது சொற்கள். கை உழைத்தது, மனம் உழைத்திலது.

இதற்கு மருந்து எமது வீட்டிலேயே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே பாடங் கேட்கும் முறையை வகுத்துக் கூறியுள்ளார். அவர் சமணராயினும், நாவலரவர்கள் அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்து எமக்குத் தந்தமையால், அதனைக் கொள்வதில் எமக்குத் தடையாதுமில்லை. பண்டித வகுப்பிலே அப்பாயிரத்தை நெட்டுருப் பண்ணி ஒப்புவித்தவர் நம்மிற் பலர். அது சொல்வதை வகுப்பறையிலே செய்தவர் எத்தனை பேர்?

முனிவர் சொல்வதன் சாரம் இது. மாணாக்கர் செவியையே வாயாகவும் மனத்தையே கொள்கலமாகவுங் கொண்டு கேட்டல் வேண்டும். ஆயின் அதனோடு முடிந்துவிடவில்லை. கேட்டவற்றைப் பின்னர்த் தாமே சிந்தித்தல், ஆசிரியரை அடைந்து மீளவுங் கேட்டல், உடன் கற்பாரோடு வினாவியும் விடையளித்தும் பழகுதல் என்பனவும் வேண்டும். ஆசிரியர் சொல்லியதை முற்றக் கொண்டாலும் அது புலமையிற் காற்பங்கேயாம். உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதாலேயே வரும். இக்கணக்கை நாம் நெடுங்காலம் அலங்காரமாகவே எண்ணியிருந்தோம். நாற்பது நிமிடப் பாடத்திலே நாற்பது நிமிடமும் நாமே பேசினால், முனிவர் கணக்கிலே கிடைப்பது காற்பங்கு.

மாணாக்கர் வகையைச் சொல்லுமிடத்து அன்னத்தையும் பசுவையும் தலையிலே வைத்தார். பசு புல் மிக்கவிடத்தே வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திலிருந்து அதனை வாய்க்கு மீட்டு அசையிடும். மேய்ச்சல் கேட்டலாயின், அசையிடுதல் நினைந்து மீட்டலாம். கிளியோ, பலர் எண்ணுமாறு கடையிலே வைக்கப்படவில்லை. மண்ணோடு சேர்த்து இடையிலே வைக்கப்பட்டது. நெட்டுருவை முற்றாக இகழும் புதிய ஆசிரியர் இதனைக் கவனிப்பாராக. சொல்லிக் கொடுத்ததையாவது சொல்லுகின்ற கிளி, ஒழுகுகின்ற இல்லிக்குடத்தினும் மேலன்றோ?

மேனாட்டார் இப்பொருளைப் பரிசோதனையாலே ஆராய்ந்திருக்கின்றனர். 1885 ஆம் ஆண்டிலே எபிங்கவுசு என்னும் செர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, மறதியின் வேகத்தை அளந்து நூலாக வெளியிட்டார். முன் கற்றதனால் மீளக் கற்கையில் மிச்சமாகும் உழைப்பைக் கொண்டு அவர் அளந்தார். ஒரு மணிநேரத்திற்குள்ளேயே பாதிக்கு மேற் போயிற்று. ஒரு நாளிலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே எஞ்சியது. அதன்பின் மறதி மெல்லச் சென்றது. அவரே பைரன் என்னும் ஆங்கிலப் புலவரின் செய்யுட்களையும் மனனஞ்செய்து பார்த்தார். பொருளும் யாப்பும் உடைய அவற்றிற்கு, அசைகளுக்கு வேண்டிய முயற்சியிற் பத்திலொரு பங்கே போதுமாயிருந்தது. நிகண்டையும் வாய்பாட்டையும் பாட்டாக்கி வைத்த நம் முன்னோர் அறியாமையால் அவ்வாறு செய்தாரல்லர்.

பின்னும் 2006 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் வேறொன்றை அளந்தனர். மாணாக்கரிலே ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு சாரார் ஒரு முறை படித்து, அதனைப் பாராமலே மூன்று முறை நினைந்தெழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது நாற்கால் படித்தவரே முந்தினர்: அவர்களுக்கு நூற்றுக்கு 83, மற்றவருக்கு 71. ஒரு வாரங் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று: படித்தவருக்கு 40, நினைந்தெழுதியவருக்கு 61. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிக நம்பியிருந்தவரும் பலகாற் படித்தவரே. எமது மாணாக்கர் மறுநாட் பிழையின்றிச் சொன்னதும், விடுமுறையின் பின் மயங்கியதும் ஏன் என்பது இதனால் எமக்கு விளங்கிற்று.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நடைபெறும் புராணபடனத்தையும் இங்கே எண்ணுக. கந்தபுராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். பள்ளிக்கூடத்தையே காணாத பாட்டிமார் சூரபன்மன் வதையை முறை பிறழாது சொல்ல வல்லவராயிருந்தனர். ஆண்டுதோறுங் கேட்டமை ஒரு காரணம். கேட்ட இரவே வீட்டிலே பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் அக்கதையைச் சொன்னமை மற்றொரு காரணமென்பது எமது துணிபு. அரைப்பங்கு அங்கே கிடைத்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்கும் அவ்வாறே. சென்னை அநாதப் பாடசாலையிலே மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவருக்குக் கற்பித்த முறையை அந்திரு பெல் என்னும் பாதிரியார் 1797 ஆம் ஆண்டில் இலண்டனிலே அச்சிட்டபோது மேனாடு அதனைப் புதுமையாகக் கொண்டது!

நல்லை நகர் ஆறுமுகநாவலரவர்கள் இவ்விரண்டு வழிகளையும் அறிந்தவர். வெசிலியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர். 1847 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே வண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பிரசங்கம் ஒன்றே போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. பாலபாடங்களையும் சைவவினாவிடையையும் எழுதினார். வினாவிடையென்பது பாதிரிமார் கைக்கொண்ட வடிவம். அதன் ஆற்றலை அவர்களிடையே இருந்தறிந்த ஒருவரே அதனை எம் சமயத்திற்குக் கருவியாக்கினார்.

அக்கருவியை நாம் எங்ஙனம் ஆளுகின்றோம்? பிள்ளைகள் வினாவையும் விடையையும் ஒரே இராகத்திலே சேர்த்துப் படிக்கின்றனர். அப்பொழுது வினா வினாவாயிருப்பதில்லை, விடையின் முதலடியாகிவிடுகின்றது. விடையை மறைத்து, வரிசையை மாற்றி, பிள்ளை சிறிது தடுமாறும்படி விட்டுப் பின் பார்க்கச் செய்தாலன்றோ அது வினாவிடையாகும்? நாங் கற்ற மிஷன் பாடசாலையிலே ஓராசிரியர் பாடத்தின் இறுதிப் பத்து நிமிடத்திற் புத்தகங்களை மூடுவித்து, நினைவிலுள்ளதை எழுதுமாறு கட்டளையிடுவார். அக்காலத்தில் நாம் அதனை வெறுத்தோம். அவர் கற்பித்த சரித்திரமே இன்று எமக்கு எஞ்சியிருக்கின்றது. மற்றவர் எழுதுவித்த கொப்பிகளெல்லாஞ் செல்லரித்தன.

இப்பொழுது அம்முறையையே நாமுங் கையாளுகின்றோம். முப்பது நிமிடங் கற்பித்தபின் நூலை மூடுவித்தல், நினைந்தெழுதுவித்தல், அருகிலிருப்பவருக்குச் சொல்லுவித்தல், பின் நூலைத் திறந்து தாமே திருத்துவித்தல். ஒரு வாரங் கழித்து அதே வினா. ஒரு மாதங் கழித்து மீண்டும். தொடக்கத்திலே பெற்றோர் சிலர் வந்து, பிள்ளையின் கொப்பி வெறுமையாயிருக்கின்றதென்று வருந்தினார்கள். தனியார் வகுப்பிலே பக்கம் பக்கமாகக் குறிப்புக் கொடுக்கின்றார்களே என்றுங் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லத்தக்க விடை எமக்கு அன்று இருந்திலது. பிள்ளையை அழைத்து அப்பூதியடிகள் சரித்திரத்தைத் தந்தையாருக்குச் சொல்லும்படி கேட்டோம். பிள்ளை இரண்டிடத்திலே தடைப்பட்டும், மூன்றாமிடத்திலே தாமே திருத்தியும் சொல்லி முடித்தார். தந்தையார் பின்பு கொப்பியைப் பற்றிப் பேசவில்லை.

இம்முறையிலே குறையில்லையென்று நாங் கூறோம். காலம் மிகச் செல்லுகின்றது. முதலை இப்பொழுது அவிநாசியிலேயே நிற்கின்றது; ஆனாற் சென்ற தவணையிலே பாடத்திட்டத்தில் இரண்டு அலகுகள் நடத்தப்படாமலே நின்றுவிட்டன. அவற்றைச் சுருக்கி நடத்துவதா, பிள்ளைகள் வீட்டிலே படித்துவந்து வகுப்பிலே எடுத்துரைக்க விடுவதா என்று இன்னும் தெளிந்தோமில்லை. இரண்டாவதையே வருந் தவணையிற் சோதிக்க எண்ணியிருக்கின்றோம். முன்னரே அவ்வாறு செய்து பயன் கண்ட ஆசிரியர் உளராயின், தமது அநுபவத்தை இப்பத்திரிகைக்கு எழுதி உதவுவாராக.