கையா, காலா?

கை போனால் இழப்புப் பெரிதா, கால் போனால் பெரிதா? பட்டிமன்றத்திற்குரிய வினா அன்று இது; சட்டம் விடை கூறியே தீரவேண்டிய வினா. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ‘பணியாளர்’ எனப் பெயர் மாறியது), உறுப்பிழப்பால் குறையும் சம்பாதிக்கும் திறனை நூற்றுக்கு இத்தனை என அட்டவணையிட்டது.

தோள் மூட்டோடு கை போயின் 90. இடுப்பு மூட்டோடு கால் போயினும் 90. அடியில் இரண்டும் சமமே. நுனியை நோக்கி வரவர வேறுபாடு தோன்றுகிறது. ஒரு கைத்தலத்திற்கு 60. முழங்காலுக்குக் கீழே 8.89 சென்டிமீட்டருக்கு மேல் எஞ்சுமாறு கால் துண்டானால் 50. (மூன்றரை அங்குலத்தை மாற்றியதால் வந்த எண் அது!) கட்டைவிரல் ஒன்றுக்கே 30. காரணம் ஊகிக்கத்தக்கதே. முழங்கால் எஞ்சினால் ஜெய்ப்பூர்க் கால் பொருத்தி நடக்கலாம், வயலிலும் இறங்கலாம். தொட்டுணரும் கையை அவ்வாறு எளிதில் செய்துதர இயலாது.

ஆயினும் அட்டவணை தொழிலை அறியாது. இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவருக்கு 70 விழுக்காடே உரியது என வாதிடப்பட்டது. ஒரு கையால் தச்சுவேலை இயலாதெனக் கூறி, 1975-இல் உச்ச நீதிமன்றம் இழப்பை முழுமையானதாகவே கொண்டது. இடக்கையை இழந்தவர் அரசு எழுத்தராயின் வேலை போய்விடாது என, 2010-இல் வேறொரு வழக்கில் அதே மன்றம் விளக்கிற்று. உண்மைதான். எனினும் அந்த எழுத்தரும் வேட்டி கட்டப் பிறர் கையை எதிர்பார்க்க நேரலாம்; சம்பாத்தியத்தை மட்டுமே அளக்கும் அட்டவணையில் அதற்கு இடமில்லை.