வெடிமருந்துக் கொம்பு

மாட்டுக் கொம்பின் உள்ளே எலும்பு இருக்கும். கொதிநீரில் வேகவைத்தால் எலும்பு கழன்றுவிடும். மேலுறை மட்டும் மிஞ்சும். நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருளால் ஆனது இந்த உறை.

தோட்டா வருவதற்கு முன்பு, துப்பாக்கிக் குழாயில் மருந்தைக் கொட்டித்தான் சுட்டார்கள். அந்த மருந்தை நனையாமல் காக்கக் கொம்பு உதவியது. அது எடை குறைந்தது. இரும்புபோல் தீப்பொறி பறக்காது. அகன்ற வாயை மரக்கட்டையால் அடைத்தார்கள். கூர்முனையில் துளையிட்டுச் சிறு மூடி வைத்தார்கள்.

மும்பையில் பழைய சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடம் சோர் பஜார். அங்கு வாங்கிய பழைய கொம்பு பழுது பார்க்க வரலாம். தாராவியில் தோல் வேலை தெரிந்தவர் பலர். பசையும் சாயமும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பசையைத் தொடும் முன்பு கவனிக்க வேண்டியவை உண்டு.

முதலில் டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்ததுதான் வெடிமருந்து. காய்ந்திருந்தால் நூறு ஆண்டு கழித்தும் அது பற்றிக்கொள்ளும். 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒருவர் உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்தார். அது வெடித்து அவர் இறந்தார். அந்தப் போர் முடிந்ததோ 1865இல்! கொம்புக்குள் கருந்தூள் தெரிந்தால் சுரண்டக் கூடாது. துளை போடக் கூடாது. பீடி, அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம். போலீஸ் நிலையத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்து, அது எந்தக் கொம்பு? எருமைக் கொம்பு என்றால் கவலை இல்லை. மான் கொம்பையும் யானைத் தந்தத்தையும் வாங்கி விற்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. இது 1972இல் வந்த சட்டம்.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளாகத் தோன்றினால் எபாக்சிப் பசையைத் தொடாமல் இருப்பதே நல்லது. இறுகிய எபாக்சியைப் பிரிப்பது மிகக் கடினம். பிரித்தால் கொம்பும் உடையலாம். அருங்காட்சியகங்களில் பழம்பொருளைப் பேணுகிறவர்கள், பின்னால் எடுக்க முடிகிற பசையையே முதலில் தேடுவார்கள். மும்பை கோட்டைப் பகுதியில் உள்ள சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

அலங்காரத்துக்கு வைத்த புதிய கொம்பு என்றால் தாராளமாக ஒட்டலாம். விரிசலில் உள்ள அழுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். எபாக்சி இரண்டு டியூபாக வரும். ஒன்றில் பசை, மற்றதில் ஹார்டனர். உறையில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். அளவு தவறினால் பசை பிசுபிசுவென்றே நிற்கும்.

இறுகிய பசையில் சாயம் ஊறாது. ஆகவே கலக்கும்போதே நிறம் சேர்க்க வேண்டும். விளக்குக் கரி, காவிப்பொடி போன்ற காய்ந்த பொடி ஏற்றது. கடுகளவு போதும். தண்ணீர்ச் சாயம் வேண்டாம், பசை கெட்டுவிடும்.

இங்கேதான் கைத்திறன் வேண்டும். எருமைக் கொம்பு கருப்பு என்று நினைக்கிறோம். வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்புக் கோடும் தேன் நிறமும் தெரியலாம். வெறும் கருப்பை அப்பினால் தார் பூசியதுபோல் இருக்கும். இரண்டு மூன்று நிறமாகப் பிரித்துக் கலந்து, கோட்டின் போக்கிலேயே நிரப்ப வேண்டும். ஓட்டை பெரிதானால் உள்பக்கம் டேப் ஒட்டிக்கொள்ளலாம். பசை சற்று மேடாகவே நிற்கட்டும்.

கையுறை கட்டாயம். எபாக்சி அடிக்கடி தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் தொல்லைதான். சன்னல் இல்லாத சிறு அறையில் இந்த வேலை கூடாது. வாசலில் உட்கார்ந்து செய்யலாம்.

ஒரு நாள் கழித்து உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். நனைத்தால் தூள் பறந்து மூக்கில் ஏறாது. முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசான தாள். ஒட்டின் ஓரத்தில் கொம்பு வெளிறித் தெரிந்தால், தோலுக்குப் போடும் ஸ்பிரிட் சாயத்தை அங்கே தொட்டு வைக்கலாம். கொம்பு அதை ஏற்கும். காய்ந்ததும் தேன்மெழுகு தடவித் துணியால் துடைத்தால் பழைய பளபளப்பு வரும்.