வீட்டுக் கணினிக்கு மற்றுமொரு காவல் தேவையா?

கோலார் தங்க வயலின் பெயர்பெற்ற சுரங்கங்களுள் நந்திதுர்க்கும் ஒன்று. 2001ஆம் ஆண்டில் சுரங்கப் பணி நின்றபின், அப்பகுதித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பலர் நாள்தோறும் இரயிலில் பெங்களூர் சென்று பணியாற்றித் திரும்புகின்றனர். அத்தகைய வீடொன்றில் வங்கிக் கணக்கு, தேர்வு விண்ணப்பம், அரசுச் சான்றிதழ் ஆகிய அனைத்துக்கும் ஒரே கணினிதான் பயன்படுகிறது எனக் கொள்வோம். வைரஸ் தடுப்பு மென்பொருள் அதில் ஏற்கெனவே உள்ளது. ‘எக்ஸ்பிளாய்ட்’ தடுப்பு மென்பொருள் ஒன்றையும் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சேர்ப்பது தகுமா என்பதே அக்குடும்பத்தின் முன்னுள்ள வினா.

இவ்விரு மென்பொருள்களும் செய்யும் பணி வேறு. வைரஸ் தடுப்பு பெரும்பாலும் தீய கோப்பினை அடையாளங்கண்டு நிறுத்துவது. மற்றதோ, பிரவுசர் போன்ற நல்ல செயலியிலுள்ள பிழையைப் பயன்படுத்தி அயலார் தம் கட்டளைகளை நினைவகத்தில் இயக்க முயலும்போது குறுக்கிடுவது. இம்முறைத் தாக்குதல் புதியதன்று. 1988இல் பரவிய மாரிஸ் புழு இவ்வழியையும் கையாண்டது. அதற்கெதிரான காப்புகள் படிப்படியாக இயக்க முறைமைக்குள்ளேயே இடம்பெற்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009இல் ‘எமெட்’ என்னும் தனிக் கருவியை இலவசமாக வெளியிட்டது. 2017இல் அதன் கூறுகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 10க்குள் சேர்த்து, 2018 ஜூலையில் அக்கருவிக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆகவே கட்டணம் செலுத்தி வாங்குவதில் ஒரு பகுதி, கையில் இருப்பதையே மீண்டும் வாங்குவதாகும். பொருளியலார் கூறும் இறுதிநிலைப் பயன் இங்கு விரைவாகக் குறைகிறது.

செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. குறைந்த நினைவகமுள்ள கணினி மேலும் மெதுவாகும். நல்ல செயலியையே ஐயுற்று நிறுத்துவதும் உண்டு. சலிப்புற்ற பயனாளர் பாதுகாப்பு அனைத்தையும் அணைத்துவிடுவார். விற்பனையாளர்கள் இதனை எடுத்துரைப்பது அரிது.

2017 மே 12ஆம் நாள் தொடங்கி 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய வான்னாக்ரை நிகழ்ச்சி கருதத்தக்கது. அதற்கான திருத்தம் மார்ச் 14ஆம் நாளே வெளியாகியிருந்தது. இடைப்பட்ட இரு மாதங்களில் அதனை நிறுவியோரின் கணினிகளில் அந்த வாயில் அடைபட்டுவிட்டது. தாக்கப்பட்டதோ இயக்க முறைமையின் கோப்புப் பகிர்வுப் பகுதி. பிரவுசரையும் பிற செயலிகளையும் மட்டும் காக்கும் மென்பொருள் அங்குப் பெரிதும் உதவியிராது. செலவில்லாத புதுப்பிப்பினைத் தள்ளிப்போட்டதே பலருக்கு இழப்பாயிற்று.

தங்க வயல் மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஆழச் சுரங்கங்களில் பாறை வெடிப்பின் அபாயம் இருந்தது. தங்கக்கல் எடுத்தபின் வெற்றிடமான பகுதிகளுக்கே கருங்கல் சுவர்கள் தாங்கலாக எழுப்பப்பட்டன; ஏற்கெனவே உறுதியாயிருந்த பாறைக்கு மேலும் ஒரு சுவர் கட்டப்படவில்லை.

கணினியில் அத்தகைய வெற்றிடம் எங்குள்ளது? விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராமல், புதிய முறைமைக்கும் மாற இயலாமல் பழைய கணினியை இயக்குவோருக்கு மட்டும் கூடுதல் மென்பொருள் சிறிது பயன் தரலாம். அதுவும் இடைக்கால ஏற்பாடே. அக்கணினியில் வங்கிப் பணியைத் தவிர்ப்பதே மேல்.

ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் கேட்டுப் பெறும் மோசடிக்கு இம்மென்பொருள் எவ்விதத்திலும் தடையாகாது. அங்குக் காவல், எண்ணைக் கூறாதிருப்பதும், பணம் போயிருப்பின் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பதுமே.

ஆகவே அக்குடும்பம் முதலில் தானியங்கிப் புதுப்பிப்பினை இயக்கி வைத்து, அன்றாடப் பணிக்கு நிர்வாகி உரிமையில்லாத கணக்கைப் பயன்படுத்துதல் வேண்டும். கட்டணத்துக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிச் சான்றிதழ்களின் படியை அதில் வைக்கலாம். படியெடுத்தபின் அதனைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.