ஒரே அளவு, ஒரே கம்பி. உழைப்பு மட்டும் ஏன் வேறு?

கேள்வி:

துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் கிரேன் பராமரிப்பைக் கவனித்துக்கொள்கிறேன். 20 மி.மீ. விட்டமுள்ள 6×36 வயர் ரோப்பை இரண்டு இடங்களில் வாங்குகிறோம். இரண்டும் 1960 தரக் கம்பி. இரண்டுக்கும் எஃகு மையம். சோதனைச் சான்றிதழ்களிலும் குறையில்லை. ஆனால் ஒன்றை வெட்டினால் புரிகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. மற்றதை வெட்டினால் புரிகள் பிரிந்து விரிகின்றன. பயன்பாட்டிலும் அதில்தான் கம்பிகள் சீக்கிரம் அறுபடுகின்றன. கம்பி ஒன்றே என்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? திரிக்கும் எந்திரத்திலிருந்தா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மைத்துனர் பழைய டியூபுலர் ஸ்ட்ராண்டர் ஒன்றை வாங்கிச் சிறிய அளவில் வயர் ரோப் தொழில் தொடங்க நினைக்கிறார். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

— ஒரு வாசகர், எண்ணூர்

பதில்:

உங்கள் ஊகம் சரிதான். இரண்டு கடைச் சரக்கும் ஒரே கிரேனில், ஒரே கப்பியில் ஓடுகின்றன என்றால், வேறுபாடு பெரும்பாலும் திரிக்கும் எந்திரத்திலும் அதை ஓட்டும் விதத்திலும்தான் இருக்கும்.

உங்கள் வடத்தில் ஆறு புரிகள், புரிக்கு 36 கம்பிகள்; வெளிப்புறத்தில் மட்டும் 216 கம்பிகள். எஃகு மையம் 7×7 அமைப்பில் இருந்தால் அதில் இன்னும் 49. சுமை ஏறும் நொடியில் இந்த 265 கம்பிகளும் தத்தம் பங்கை ஏற்க வேண்டும். அவற்றில் சில தளர்ந்து கிடந்தால் அவற்றின் பங்கும் மற்றவற்றின் மேல் விழும். இழுப்புச் சோதனையில் இந்தக் குறை முழுதாக வெளிப்படாது. கப்பியில் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும்போதுதான் தெரியவரும். சான்றிதழ் சரியாக இருந்தும் உங்கள் வடம் ஏமாற்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் கிளவுஸ்தால் சுரங்கங்களை நிர்வகித்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834-இல் முதல் எஃகுவட முன்னோடியைச் செய்தபோது எந்திரம் ஏதுமில்லை. 3.5 மி.மீ. இரும்புக் கம்பிகள் நான்கைச் சேர்த்து ஒரு புரி, அப்படி மூன்று புரிகளைச் சேர்த்து ஒரு வடம் என்று தொழிலாளர்கள் கையாலேயே முறுக்கினார்கள். பன்னிரண்டு கம்பிகள் என்பதால் கையால் முடிந்தது. பிரிட்டனின் ராபர்ட் ஸ்டர்லிங் நியூவால் 1840-இல் கம்பிவடத்துக்கும் அதைச் செய்யும் எந்திரத்துக்கும் காப்புரிமை பெற்றார். கம்பிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வொன்றையும் ஒரே இழுவிசையில், ஒரே சாய்வில், தன்மேல் தானே முறுக்கிக்கொள்ளாமல் கொண்டுவந்து சேர்ப்பதே இந்தத் தொழிலின் முதன்மைச் சிக்கலாயிற்று. அன்றுமுதல் வந்த எந்திர மேம்பாடுகளில் பெரும்பாலானவை அந்தச் சிக்கலைச் சுற்றியவைதான்.

கம்பி உருவாகும் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன் மிகுந்த எஃகுத் தடியை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, 500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உருகிக் கிடக்கும் ஈயத்தில் தோய்த்து எடுப்பார்கள். இதற்குப் பேட்டன்டிங் என்று பெயர். பிறகு டங்ஸ்டன் கார்பைடு டைகளின் வழியே படிப்படியாக இழுத்து மெலிதாக்குவார்கள். இழுக்க இழுக்க வலிமை ஏறும். 1960 என்ற தரம், சதுர மில்லிமீட்டருக்கு 1960 நியூட்டன் தாங்கும் கம்பி என்பதைக் குறிக்கிறது. இந்த வலிமை சிதையாமல் வடத்துக்குள் போய்ச் சேர்கிறதா என்பதை அடுத்து வரும் இரண்டு எந்திரங்கள் முடிவு செய்கின்றன. கம்பிகளைப் புரியாக்குவது ஸ்ட்ராண்டர். புரிகளை வடமாக்குவது குளோசர்.

டியூபுலர் ஸ்ட்ராண்டரில் நீண்ட எஃகுக் குழாய் ஒன்று வேகமாகச் சுழலும். அதனுள்ளே வரிசையாகத் தொட்டில்கள், தொட்டிலுக்கு ஒரு பாபின். குழாய் சுழன்றாலும் தொட்டில்கள் சுழல்வதில்லை. திருவிழா ராட்டினம் எத்தனை சுற்று சுற்றினாலும் அதில் உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகாதது போல, பேரிங்கில் தொங்கும் தொட்டில் தன் எடையாலேயே நிமிர்ந்து நிற்கும். பாபினிலிருந்து புறப்படும் கம்பி குழாயின் சுவரை ஒட்டி ஓடி, முன்பக்கத்தில் உள்ள துளைத்தட்டின் வழியே வந்து, டையில் மற்றக் கம்பிகளோடு சேரும். குழாய் ஒரு சுற்றுச் சுற்றினால் புரியில் ஒரு முறுக்கு விழும். ஒரு முழு முறுக்குக்கு ஆகும் நீளத்தைத் தொழிற்கூடத்தில் 'லே' என்பார்கள். லே 50 மி.மீ. என்றும் குழாய் நிமிடத்துக்கு 400 சுற்று என்றும் வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 20 மீட்டர் புரி வெளிவரும்.

தொட்டில் நிமிர்ந்து நிற்பதில் முக்கியமான ஒரு பயன் உண்டு. பாபினும் குழாயோடு சேர்ந்து சுழன்றால், ஒவ்வொரு லேவுக்கும் கம்பி தன் அச்சிலேயே ஒரு முறை முறுக்கிக்கொள்ளும். 50 மி.மீ. லே என்றால் மீட்டருக்கு 20 முறுக்கு. அலுமினிய, செம்புக் கம்பிகள் மென்மையானவை என்பதால் மின்கம்பி செய்யும் எந்திரங்களில் அப்படி விட்டுவிடுவார்கள். கடினமான எஃகுக் கம்பியோ அந்த முறுக்கை உள்ளே வைத்துக்கொண்டு, எப்போது பிரியலாம் என்று திமிறிக்கொண்டே இருக்கும். பெரிய பாபின்களைக் கொண்ட பிளானட்டரி எந்திரத்தில், தொட்டில்களை நிமிர்த்தி வைக்கும் வேலையைப் பற்சக்கரத் தொடர் செய்கிறது. அது மெதுவாகத்தான் சுழலும். ஆனால் கனமான புரிகளை வடமாக்க அதுவே ஏற்றது. உங்கள் 20 மி.மீ. வடத்தின் லே சுமார் 130 மி.மீ. இருக்கும். குளோசர் நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றினால் நிமிடத்துக்கு எட்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே வடம் வரும். புரி ஒரு திசையிலும் வடம் எதிர்த்திசையிலும் முறுக்கப்பட்டால் சாதாரண லே. இரண்டும் ஒரே திசை என்றால் லாங் லே.

இனி இழுவிசை. நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். பாபின் கட்டுக்கடங்காமல் உருண்டுவிடாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரேக் உண்டு. பழைய எந்திரங்களில் அது ஒரு பட்டை அல்லது கயிறு. இந்தப் பிரேக்கின் பிடி மாறாது. கம்பியின் இழுவிசை மாறும். 400 மி.மீ. விட்டத்தில் நிறைந்திருந்த பாபின் 200 மி.மீ. அளவுக்குக் காலியாகும்போது, அதே பிரேக் பிடியில் இழுவிசை இரு மடங்காகிவிடும். ஓட்டுநர் அவ்வப்போது எந்திரத்தை நிறுத்தி எல்லாப் பிரேக்குகளையும் தளர்த்த வேண்டும். பாதி தீர்ந்த பாபின்களுக்கு நடுவே ஒரு நிறைந்த பாபினை மாட்டினால், அந்தக் கம்பி மற்றவற்றைவிடத் தளர்வாகப் போய்ப் புரியில் படியும். அப்படிப் படிந்த கம்பியே பிற்பாடு புடைத்துக்கொண்டு வெளியே வரும். அதன் சுமையைச் சுமக்கும் பக்கத்துக் கம்பி முதலில் அறுபடும். அதனால்தான் நல்ல ஆலைகள் எல்லாப் பாபின்களிலும் ஒரே நீளக் கம்பியைச் சுற்றி ஒன்றாகவே ஏற்றுகின்றன. புதிய எந்திரங்களில் பாபினின் அளவு குறையக் குறைய மின்காந்தப் பிரேக் தானே தளர்ந்துகொடுக்கும்.

உங்கள் வடத்தை வெட்டியதும் அது விரிவதற்கான நேரடிக் காரணம் பிரிஃபார்மர் என்ற உறுப்போடு தொடர்புடையது. துளைத்தட்டுக்கும் டைக்கும் இடையே, ஒவ்வொரு புரியும் சற்று விலகி நிற்கும் சிறு உருளைகளின் மேலும் கீழுமாக நெளிந்து செல்லும். வடத்தில் எந்தச் சுருள் வடிவத்தில் கிடக்கப் போகிறதோ அந்த வடிவத்துக்குப் புரி அங்கேயே நிரந்தரமாக வளைக்கப்பட்டுவிடும். பிறகு அதற்குத் திமிறுவதற்குக் காரணமில்லை. 1920-களில் பரவிய இந்த முறை வராத காலத்தில், வெட்டிய வடமெல்லாம் உங்கள் இரண்டாவது வடம் போலத்தான் விரிந்தது. உருளைகள் போதிய அளவு வளைக்காவிட்டால் வடம் விரியும். அளவு மீறி வளைத்தால் புரி மையத்தைத் தழுவாமல் விலகி நிற்கும். ஆறில் ஒன்று மட்டும் மாறுபட்டால் வடம் முழுக்க அலை அலையாகத் தெரியும்.

டையைத் தாண்டியபின் போஸ்ட்ஃபார்மர் வரும். இரண்டு தளங்களில் அமைந்த உருளை வரிசை, வடத்தை முன்னும் பின்னும் வளைத்து எஞ்சிய உள்விசையைத் தீர்க்கும். அதற்குப் பின் வடத்தை இழுத்துச் செல்வது கேப்ஸ்டன். அதன் வேகத்துக்கும் குழாயின் வேகத்துக்கும் உள்ள விகிதமே லேயைத் தீர்மானிக்கிறது. மசகும் டையை ஒட்டியே சூடாக ஊற்றப்படும். மையத்துக்குள் அப்போது போகாத கிரீஸை நீங்கள் பின்னால் எத்தனை பூசினாலும் முழுதாக உள்ளே செலுத்த முடியாது.

உங்கள் கிடங்கிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. வெட்டும் முன் இருபுறமும் இறுகக் கட்டி, இரண்டு மீட்டர் துண்டு எடுங்கள். ஒரு புரியைப் பிரித்துத் தரையில் வையுங்கள். அது சுருள் வடிவம் மாறாமல் கிடந்து, திரும்ப வைத்தால் தன் இடத்தில் போய் அமர வேண்டும். ஆறு புரிகளின் சுருளும் ஒரே உயரம் இருக்க வேண்டும். பிறகு ஒரு புரியில் ஒரே அடுக்கைச் சேர்ந்த கம்பிகளைப் பிரித்து நிமிர்த்தி நீளத்தை அளந்து பாருங்கள். ஒன்று குறைவாக இருந்தால் அது இறுகிக் கிடந்தது. கூடுதலாக இருந்தால் தளர்ந்து கிடந்தது. வடத்தின் மேல் காகிதத்தைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்து, ஆறு புரித் தடங்களின் நீளத்தைப் பல இடங்களில் அளவெடுங்கள். அளவு இடத்துக்கு இடம் மாறினால் ஆலையில் கேப்ஸ்டன் வழுக்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கடைசியாக மையத்தைப் பிரித்துப் பாருங்கள். அது உலர்ந்து கிடந்தால் அந்த வடத்தை எடுக்காதீர்கள். சுருளிலிருந்து வடத்தைப் பக்கவாட்டில் உருவி எடுத்தாலும் நல்ல வடத்தில் முறுக்கு ஏறும். எனவே சுழல்மேசையில் வைத்தே பிரித்தெடுங்கள்.

இனி உங்கள் மைத்துனருக்கு. முதலில் பாபின்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு பாபின் எந்திரத்தில், நடுக்கம்பி ஒன்றையும் சேர்த்து ஏழு கம்பிப் புரி திரிக்கலாம். பன்னிரண்டு பாபின் எந்திரம் இருந்தால், அதன் மேல் பன்னிரண்டு கம்பிகளை இன்னொரு முறை ஓட்டி 19 கம்பிப் புரியும் செய்யலாம். ஆனால் அப்படி இரண்டு ஓட்டத்தில் செய்யும்போது இரண்டு அடுக்குக்கும் லே வேறாகிறது. கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து புள்ளி புள்ளியாக அழுத்தி, உள்ளுக்குள் வெட்டிக்கொள்ளும். 1885-இல் காப்புரிமை பெற்ற சீல் அமைப்பு, பின்னர் வாரிங்டன்-சீல் அமைப்பு ஆகியவை எல்லா அடுக்குகளையும் ஒரே ஓட்டத்தில், ஒரே லேயில் அடுக்குவதால் கம்பிகள் நீளவாக்கில் படிந்து கிடக்கும். கிரேனுக்கு அவையே வேண்டும். 19 கம்பி சீல் புரிக்கு 18 பாபினும், உங்கள் 36 கம்பிப் புரிக்கு 35 பாபினும், அவற்றோடு நடுக்கம்பிக்கு வெளியே ஒரு பாபினும் தேவை. ஆகவே சிறிய எந்திரத்தை வாங்கிக் கிரேன் வடம் செய்ய அவர் முயலக் கூடாது. ஏழு கம்பிப் புரிகள், தாங்கு கம்பிகள், 6×7 வடங்கள் என்று தொடங்குவது நேர்மையான வழி.

எந்திரத்தை நிற்கும் நிலையில் பார்த்து விலை பேசுவது தவறு. முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். குழாய் அதிர்ந்தால் பேரிங்கும் சமநிலையும் கெட்டிருக்கும். ஓடும்போது தொட்டில் ஒன்றுகூட ஊசலாடக் கூடாது. பேரிங் இறுகினால் தொட்டில் குழாயோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். அது கம்பியையும் கெடுக்கும், ஆபத்தும் கூட. தொட்டில் புரண்டதும் எந்திரத்தை நிறுத்தும் சுவிட்சு வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாபினின் கம்பியையும் சுருள்தராசால் இழுத்துப் பிரேக்குகள் சீராக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். கம்பி ஓடும் வழிகாட்டி வளையங்களில் பள்ளம் விழுந்திருந்தால் கம்பியெல்லாம் கீறலோடுதான் வரும். லே மாற்றும் பற்சக்கரங்கள் முழுத் தொகுதியாக இருக்கின்றனவா, கம்பி அறுந்தால் உடனே நிறுத்தும் கருவி உயிரோடு இருக்கிறதா, குழாயை மூடும் காப்பு திறந்திருக்கையில் எந்திரம் ஓடாமல் நிற்கிறதா என்பவற்றையும் பாருங்கள். கடைசி மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், அதைப் பொருத்தும் செலவைச் சேர்த்தே விலை பேச வேண்டும். ஸ்ட்ராண்டர் மட்டும் போதாது. குளோசர், பாபின் சுற்றும் எந்திரம், கம்பி இணைக்கும் வெல்டிங் கருவி, இழுப்புச் சோதனை வசதி ஆகியவையும் தேவை.

உங்களுக்கு என் முடிவான பரிந்துரை இது. இனி விலைப்புள்ளி கேட்கும்போது ஐ.எஸ். 2266 சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். புரி ஒரே ஓட்டத்தில் திரிக்கப்பட்டதா, பிரிஃபார்மரும் போஸ்ட்ஃபார்மரும் உண்டா, பாபின் இழுவிசையை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் ஆலைக்கே போய்ப் பாருங்கள். ஓடும் வடத்தை ஐ.எஸ்.ஓ. 4309 சொல்லும் முறைப்படி தவறாமல் சோதித்து, கழிக்க வேண்டிய நாளில் தயங்காமல் கழித்துவிடுங்கள். விரியும் அந்த இரண்டாவது வடத்தை மேற்சொன்ன சோதனைகளில் தேறும்வரை ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே ஓடும் கிரேனில் மாட்ட வேண்டாம்.