ஆர்லாண்டோவுக்குக் குடிவந்துவிட்டோம்... டிஸ்னி சலுகை எங்களுக்கும் உண்டா?

கேள்வி: கணவரின் வேலை மாற்றத்தால் சிகாகோவிலிருந்து ஆர்லாண்டோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 4. வந்த நாளிலிருந்து ‘டிஸ்னி எப்போ?’ என்று நச்சரிக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் மலிவு என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். நாங்கள் எச்-1பி, எச்-4 விசாவில் இருக்கிறோம். ஓட்டுநர் உரிமம் இன்னும் இல்லினாய் மாநிலத்துடையது. எங்களுக்கும் அந்தச் சலுகை கிடைக்குமா? பேசாமல் வருடாந்திர பாஸ் வாங்கிவிடலாமா? சாப்பாட்டுக்கும் தள்ளுபடி உண்டா? டிசம்பரில் மாமனாரும் மாமியாரும் சேலத்திலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கும் இதே விலையில் வாங்க முடியுமா?
– வாசகி, ஆர்லாண்டோ, ஃபுளோரிடா

பதில்: உங்களுக்குக் கண்டிப்பாக உண்டு. எந்த விசா, வந்து எத்தனை மாதம் என்றெல்லாம் பூங்காக்காரர்கள் பார்ப்பதில்லை. ஃபுளோரிடாவில் குடியிருக்கிறீர்களா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். கல்லூரிக் கட்டணச் சலுகைக்கு இங்கே 12 மாதம் வசித்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த விதி வேறு, அதை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் எங்கே வரும் என்றால், சான்றை 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஃபுளோரிடா உரிமமோ மாநில அடையாள அட்டையோ இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால், உங்களிடம் இருக்கும் புகைப்பட அடையாளத்தோடு, கடந்த இரண்டு மாதத்துக்குள் வந்த மின் கட்டண ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, வாகனக் காப்பீட்டுப் பத்திரம் போன்ற ஒன்றைக் காட்டலாம். அதில் வீட்டு முகவரி இருக்க வேண்டும், அஞ்சல் பெட்டி எண் செல்லாது. நம் வீடுகளில் மின்சாரம், இணையம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கணவர் பெயரில்தான் இருக்கும். அப்படியானால் அவருக்குச் சான்று இருக்கும், உங்களுக்கு இருக்காது. கூட்டு வங்கிக் கணக்கில் புது முகவரியை மாற்றி, உங்கள் பெயர் போட்ட அறிக்கையை எடுத்து வையுங்கள். அதைவிட நல்லது, இரண்டு பேருமே உரிமத்தை மாற்றிவிடுவது. குடிவந்த 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது இங்கே சட்டம், உங்களுக்கு மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. கவுன்ட்டி வரி வசூல் அலுவலகத்திலேயே உரிமம் தருகிறார்கள்.

வருடாந்திர பாஸ் மட்டும் இப்போது வேண்டாம். டிஸ்னியில் 2021 முதல் நான்கு வகை பாஸ் இருக்கிறது. அவற்றில் பிக்ஸி டஸ்ட், பைரேட் இரண்டும் ஃபுளோரிடாவாசிகளுக்கு மட்டுமே. பிக்ஸி டஸ்ட்தான் மலிவு, அறிமுகமானபோது 399 டாலர், பிறகு ஏறிவிட்டது. விலையைப் பார்த்ததும் கை தானாக அதற்குத்தான் போகும். ஆனால் சனி, ஞாயிறும் பண்டிகை நாட்களும் அந்தப் பாஸ் செல்லாது. பள்ளிக்குப் போகும் பெண்ணையும் அலுவலகம் போகும் கணவரையும் வைத்துக்கொண்டு திங்கள் முதல் வெள்ளிக்குள் எத்தனை முறை போவீர்கள்? இன்னொன்று, பாஸில் குழந்தை விலை கிடையாது. 3 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஒரே விலை, உங்கள் நான்கு வயதுப் பையனுக்கும் பெரியவர் காசுதான். வட்டியில்லாத மாதத் தவணை உள்ளூர்க்காரர்களுக்கு உண்டு என்பது உண்மை. நான்கு பேருக்குத் தவணை ஓடும்போது அதுவும் வீட்டு வாடகையோடு சேர்ந்த ஒரு நிரந்தரச் செலவாகிவிடும்.

அதனால் உள்ளூர்வாசிகளுக்கென்று அவ்வப்போது வரும் 3 அல்லது 4 நாள் டிக்கெட்டை வாங்குங்கள். அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, விட்டு விட்டுப் போகலாம். செல்லாத தேதிகளை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். டிக்கெட்டில் 3 முதல் 9 வயதுவரை குழந்தை விலை. பெண்ணுக்கு 10 முடிந்தால் பெரியவர் கணக்கு, ஆகவே பிறந்தநாளுக்கு முன் போய்விடுவது லாபம். பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பிடித்து, மறுபடி மறுபடி போகத் தோன்றினால், டிக்கெட் முடிவதற்குள் பூங்காவின் விருந்தினர் சேவை மையத்தில் கேளுங்கள். பாஸ் விற்பனையில் இருந்தால், கொடுத்த காசைக் கழித்துக்கொண்டு பாஸாக மாற்றித் தருவார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உள்ளூர் டிக்கெட்டோடு உணவுத் தள்ளுபடி சேர்ந்து வராது. பழைய ஆட்கள் 20 சதவீதத் தள்ளுபடி அட்டை பற்றிச் சொல்வார்கள். ‘டேபிள்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ என்ற அந்த அட்டையை ஃபுளோரிடாவாசிகளும் வாங்க முடிந்தது. கொரோனாவில் நிறுத்தியவர்கள் திரும்பக் கொண்டுவரவே இல்லை. இப்போது பாஸ் வைத்திருப்பவர்களுக்குச் சில உணவகங்களில் தள்ளுபடி, பெரும்பாலும் 10 சதவீதம். அதையும் பில் போடும் முன் பாஸைக் காட்டி நாமே கேட்க வேண்டும். 80 டாலருக்குச் சாப்பிட்டால் 8 டாலர் குறையும். மிச்சம் 72-க்கு ஆரஞ்சு கவுன்ட்டியில் வரி 6.5 சதவீதம், 4.68 டாலர். டிப்ஸைத் தள்ளுபடிக்கு முந்தைய தொகைக்குத்தான் தர வேண்டும், பரிமாறியவரின் உழைப்பில் தள்ளுபடி இல்லை. 18 சதவீதம் என்றால் 14.40. ஆக மொத்தம் 91 டாலருக்கு மேல்! இந்தத் தள்ளுபடிக்காக யாரும் பாஸ் வாங்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளி உணவுக்குத் தடையில்லை. புளியோதரை, சப்பாத்தி, தயிர்சாதம் எல்லாம் தாராளமாகக் கொண்டுபோகலாம். சூடுபடுத்த வேண்டிய உணவு கூடாது, உதிரி ஐஸ் கட்டி கூடாது, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலோடு எடுத்துப் போனால் வாசல் சோதனையிலேயே நின்றுவிடும், சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். தயிர்சாதத்துக்கு அடியில் உறையவைத்த ஜெல் பை ஒன்று வையுங்கள், இங்கத்திய வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். குளிர்ந்த தண்ணீர் உள்ளே துரித உணவுக் கடைகளில் இலவசமாகவே கிடைக்கும்.

சேலத்துப் பெரியவர்களுக்கு உள்ளூர் விலை கிடைக்காது. விருந்தாளிகளாக வருபவர்களிடம் ஃபுளோரிடா சான்று இருக்காதே. மூத்த குடிமக்கள் சலுகையும் டிஸ்னியில் இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு நாள் டிக்கெட்டே 200 டாலரைத் தொடும், கூட்டத்தில் அவர்களால் நிற்கவும் முடியாது. டிசம்பர் முதல் பாதியில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு நாள் போதும். இன்னொரு நாள், டிக்கெட் தேவைப்படாத ‘அனிமல் கிங்டம் லாட்ஜ்’ விடுதியின் ‘சனா’ உணவகத்துக்கு முன்பதிவு செய்து அழைத்துப் போங்கள். நான் முதலான ரொட்டி வகைகள் தட்டு நிறைய, தொட்டுக்கொள்ள விதவிதமான சட்னிகளோடு வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைப் பெரியவர்கள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. இன்டர்நேஷனல் டிரைவ், 192-ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் ‘பாதி விலை டிக்கெட்’ என்று பலகை வைத்திருப்பார்கள். பலவற்றில் டைம்ஷேர் எனப்படும் விடுமுறை வீட்டுப் பங்கு விற்பனைக் கூட்டத்தில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். அசந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், 10 நாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்ய ஃபுளோரிடா சட்டம் உரிமை தருகிறது. சில நாட்கள் பயன்படுத்தி மீதி வைத்த பல நாள் டிக்கெட்டை யாராவது விற்றால் தொடவே தொடாதீர்கள், அப்படி விற்பது இங்கே குற்றம்.

இவற்றையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது: டிஸ்னி அல்லாத இன்னொரு பூங்காவான சீவேர்ல்டு தரும் பாலர் அனுமதி அட்டையின் இந்த வருட விதிமுறையைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் வசிக்கும் 5 வயதுவரையான குழந்தைகளுக்கு அந்த அட்டை இலவசம். வயதுச் சான்று வேண்டும், பதிவுக்குக் கடைசித் தேதியும் உண்டு. உங்கள் பையனுக்கு வயது சரியாக இருக்கிறது, தேதியைத் தவறவிடாதீர்கள்.