காட்சியும் கருத்தும்

பார்ப்பது கண்ணின் தொழில், எண்ணுவது மனத்தின் தொழில் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இப்பிரிவினை முற்றிலும் சரியன்று. கண்ணுள் புகும் ஒளி விழித்திரையில் தலைகீழான, தட்டையான ஒரு பிம்பத்தை உண்டாக்குகிறது. அருகிலுள்ள சிறிய பொருளும் தொலைவிலுள்ள பெரிய பொருளும் அதில் ஒரே அளவாக விழக்கூடும். எது அண்மை, எது சேய்மை என்பதை மூளையே தீர்மானிக்கிறது. இரு கண்களின் காட்சிகளுக்கு இடையேயுள்ள சிறு வேறுபாடு, நிழல், பொருளின் அசைவு, முன் அனுபவம் ஆகியவை அதற்கு உதவுகின்றன. எனவே காண்பது எதுவாயினும் அதில் கருத்தின் பங்கும் கலந்திருக்கிறது.

அறிந்தும் நீங்காத தோற்றம்

அடிவானத்தில் உதிக்கும் முழு நிலவு பெரிதாகவும், உச்சிக்கு ஏறியபின் சிறிதாகவும் தோன்றுகிறது. உண்மையில் இரு நிலைகளிலும் அது கண்ணில் அடக்கும் கோணம் ஏறக்குறைய அரைப் பாகையே. இதை எளிதில் சோதிக்கலாம். ஓர் அட்டையில் சுமார் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையிட்டு, கையை முழுதும் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணால் அதன் வழியே நோக்கவேண்டும். உதிக்கும்போதும் உச்சியிலும் நிலவு அத்துளையை ஏறக்குறைய ஒரே அளவாக நிரப்பும். ஆனால் இவ்வுண்மையை அறிந்தவருக்கும், அட்டையை எடுத்தவுடன் நிலவு மறுபடியும் பெரிதாகவே தெரியும். அறிவு தோற்றத்தை மாற்றுவதில்லை. அத்தோற்றத்தை நம்பி ஏமாறாமல் காக்கிறது.

நம்பிக்கை படைத்த காட்சி

இதற்கு மாறாக, நம்பிக்கையே காட்சியைப் படைப்பதும் உண்டு. 1903ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு நான்சிப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ரெனே பிளாண்ட்லோ, புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்து, அவற்றுக்கு 'என்-கதிர்' என்று பெயரிட்டார். இருட்டறையில் மங்கலான ஒளிப்புள்ளி ஒன்று சற்றே பிரகாசமடைவதே அக்கதிர்களுக்கு அடையாளம். வேறு பல விஞ்ஞானிகளும் அப்பிரகாசத்தைக் கண்டதாக எழுதினர். 1904இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வுட் அவ்வாய்வுக்கூடத்துக்குச் சென்றார். கதிர்களைப் பிரிப்பதாகக் கூறப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருளில் ஒருவரும் அறியாமல் அவர் அகற்றிவிட்டார். பட்டகம் இல்லாதபோதும் முன்போலவே அளவுகள் கூறப்பட்டன. பிளாண்ட்லோ பொய்யுரைத்தவர் அல்லர், எதிர்பார்த்ததையே கண்டார்.

டில்லியில் கிடைத்த விடை

காட்சியில் அனுபவத்தின் பங்கு எவ்வளவு என்பது பழைய வினா. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், கன சதுரத்தையும் உருண்டையையும் தொட்டுப் பிரித்தறியக் கற்றிருக்கிறார் என்று கொள்வோம். அவருக்குத் திடீரெனப் பார்வை கிடைத்தால், தொடாமல் கண்ணால் மட்டுமே எது எது என்று கூறவல்லவரா? டப்ளின் நகரத்து வில்லியம் மாலினோ என்பவர் 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு இவ்வினாவை எழுதியனுப்பினார். இயலாது என்பதே இருவரின் கருத்தும்.

இதற்குத் தெளிவான சோதனை நம் நாட்டில் நிகழ்ந்தது. விஞ்ஞானி பவன் சின்கா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தின் வாயிலாக, பிறவியிலேயே பார்வையிழந்த சிறுவர் சிறுமியர் டில்லியில் சிகிச்சை பெற்றனர். அவர்களுள் 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரைச் சோதித்த முடிவுகள் 2011இல் வெளியாயின. அறுவைக்குப்பின் விரைவிலேயே நடந்த சோதனையில், கண்ட வடிவத்தைக் கண்ணாலும், தொட்ட வடிவத்தைத் தொட்டும் அவர்கள் நன்கு அடையாளம் காட்டினர். தொட்ட வடிவத்தைக் கண்ணால் இனங்காண்பதில் மட்டும் 100க்கு 58 அளவே சரியாயின. வெறும் ஊகத்தாலேயே 50 சரியாகும். ஆயினும் சில நாட்களிலேயே மறுசோதனையில் பெரும் முன்னேற்றம் காணப்பட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த உருவங்களைப் புதிதாகப் பார்வை பெற்றோர் தனித்தனித் துண்டுகளாகவே கண்டதையும், பொருள் அசையும்போது முழு உருவை உணர்ந்ததையும் 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. கண் திறந்தபின்பும் காணக் கற்கவேண்டியிருக்கிறது.

பணியில் இதன் பயன்

முதலாவதாக, பிறவிக் கண்புரையுள்ள குழந்தைக்குக் குறித்த வயது கடந்தால் சிகிச்சையால் பயனில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பிறந்த முதற்சில வாரங்களுக்குள் சிகிச்சை பெறுவதே மிகச் சிறந்தது. தாமதத்தால் கூர்மையான பார்வை பெரும்பாலும் குன்றிவிடுகிறது. ஆயினும் காலங்கடந்த சிகிச்சையும் பயன்தரக்கூடும் என்பதை டில்லி அனுபவம் மெய்ப்பித்தது. ஆகவே கண்மணியில் வெண்மை, மாறுகண், நிலைகொள்ளாது அலையும் விழி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், எவ்வயதாயினும், குழந்தையைக் கண் மருத்துவரிடம் உடனே அனுப்பவேண்டும். அறுவைக்குப்பின் குழந்தை தாயின் முகத்தை உடனே அடையாளம் காணாவிடில் சிகிச்சை வீண் என்று பெற்றோர் நினைக்கக்கூடும். தொட்டும் பார்த்தும் பழகச் சில நாட்களும் மாதங்களும் தேவை என்பதை அவர்களுக்கு முன்பே எடுத்துரைத்தல் நலம்.

இரண்டாவதாக, நிலப்படம், குறுக்குவெட்டுப் படம், பெரிதாக்கிய பூச்சியின் படம் ஆகியவை ஆசிரியருக்குத் தெளிவாக இருப்பது அவர் பொருளை முன்பே அறிந்திருப்பதால்தான். மாணவருக்கு அவை வெறுங் கோடுகளாக இருக்கலாம். பொருளை முதலில் கையில் கொடுத்து, பின்னர் படத்தைக் காட்டுவதே முறை.

மூன்றாவதாக, களக்குறிப்பில் கண்டதையும் கருதியதையும் வெவ்வேறு பத்திகளில் எழுதவேண்டும். 'இலைகளில் மஞ்சள் புள்ளிகள்' என்பது கண்டது. 'நோய் பரவியுள்ளது' என்பது கருதியது. ஐயமுள்ள அளவை இருவர், ஒருவர் குறித்ததை மற்றவர் அறியாதவாறு, தனித்தனியே எடுக்கவேண்டும். தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

பயிற்சி: ஒரு செடியையோ கிணற்று நீரையோ ஐந்து மாணவர்கள் தனித்தனியே பார்த்துக் குறிப்பெழுதச் செய்க. கண்டது எது, கருதியது எது என்று வகுப்பில் பிரித்துக் காட்டுக. ஒருவருக்கொருவர் மாறுபட்ட குறிப்புகளை அளந்து பார்த்துத் தீர்க்கச் செய்க.